ஜோக்கருக்கு ஆஸ்கர், நம்ம நீலிக்கு ஆணி

இன்னமும் கடையைச் சாத்தாம பிளாக் எழுதிட்டு இருக்கற நாலஞ்சு பேர்ல ரெண்டு பேரு போன மாசம் அடுத்தடுத்து ஜோக்கர் பத்திப் பதிவு போட்டிருந்தாங்க. எந்த ஜோக்கர் பெஸ்ட்டு, எந்த ஜோக்கர் வேஸ்ட்டுன்னு. பின்னூட்டத்துல ஒரே ரணகளம். நானும் போய் ரெண்டு கும்மு கும்மிட்டு வந்தேன். வந்து படுத்தா தூக்கம் வரலை. எவனோ கோதம் சிட்டிக்காரன் மேல நமக்கு இருக்கற கரிசனம், எங்க வீட்டுல இருந்து பஸ்ஸுல போற தூரத்துல இருக்கற ஒரு வில்லி மேல ஏன் இல்லைன்னு ஒரு வயித்தெரிச்சல். அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஜோக்கர் கணக்கை முடிச்சிருவோம், ஏன்னா அதுல இருந்துதான் எனக்கு அளவுகோலே கிடைச்சுது.

1940ல பேட்மேன் காமிக்ஸ் முதல் இதழ்லயே ஆள் வந்தாச்சு. 1966 டீவி தொடர்ல சீசர் ரொமேரோ. மீசையை எடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சு, மீசை மேலயே வெள்ளைச் சாயம் அடிச்சிட்டு நடிச்ச மகானுபாவர். அந்த ஜோக்கருக்குக் காரணமும் கிடையாது, காயமும் கிடையாது. சும்மா சேட்டை. 1989ல டிம் பர்ட்டன் படத்துல ஜாக் நிக்கல்சன். அவருக்கு ஒரு பேரு குடுத்தாங்க, ஒரு ரசாயனத் தொட்டி குடுத்தாங்க, பேட்மேனோட அப்பா அம்மாவைக் கொன்னதே இவன்தான்னு ஒரு முடிச்சும் போட்டாங்க. கணக்கு டேலி ஆயிடுச்சு. கணக்கு டேலியான வில்லன் மேல எனக்குப் பயம் வர்றதில்லை.

2008ல ஹீத் லெட்ஜர். வாய்க்கீறலுக்கு ஒருத்தன்கிட்ட அப்பா கதை சொல்றான், ஒருத்திகிட்ட பொண்டாட்டி கதை சொல்றான். மூணாவதா பேட்மேன்கிட்ட ஆரம்பிக்கும்போது சொல்லி முடிக்க விடலை. எது உண்மைன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஆனா ஏதோ ஒண்ணு நடந்திருக்குன்னு தெரியுது, அவன் செய்யறது அநியாயம்னும் தெரியுது. ரெண்டும் ஒரே நேரத்துல நம்ம மேல உட்காருது. 2016ல ஜாரெட் லெட்டோ பல்லுல உலோகம், உடம்புல பச்சை. அவரை விட்டுருவோம், பாவம். 2019ல வாக்கின் பீனிக்ஸ். பிரமாதமான நடிப்பு, ஆஸ்கர் குடுத்தாங்க, சந்தோஷம். ஆனா அந்தப் படத்துல ஒவ்வொரு கொலைக்கும் முன்னாடி படம் நம்ம கையில ஒரு ரசீதைத் திணிக்குது. இவன் அடிச்சான், அவ ஏமாத்தினா, அரசாங்கம் மருந்தை நிறுத்திடுச்சு. கடைசியில நாம அவனை மன்னிச்சிட்டு பாப்கார்ன் பேப்பரை மடிச்சுக் குப்பையில போட்டுட்டு வந்துடறோம். 2024ல ரெண்டாம் பாகம் எடுத்து, ஜோக்கர்னு ஒருத்தனே கிடையாதுன்னு அவன் வாயாலயே சொல்ல வச்சாங்க. படம் படுத்துருச்சு.

என்னோட சில்லறைக் கோட்பாடு இதுதான். நல்ல வில்லனுக்கு ரெண்டு வேணும். அவன் பக்கம் ஒரு வழக்கு, அவன் கையில ஒரு குத்தம். வழக்கு மட்டும் இருந்தா அவன் பாவப்பட்ட ஜென்மம். குத்தம் மட்டும் இருந்தா பூச்சாண்டி. ரெண்டும் இருந்து, ஒண்ணு இன்னொண்ணை அழிக்காம நிக்கணும். லெட்ஜர்கிட்ட நின்னுச்சு. மத்தவங்ககிட்ட ஏதோ ஒரு பக்கம் சாஞ்சிருச்சு.

சரி, இப்ப மேட்டருக்கு வருவோம்.

நாகர்கோவில்ல பார்வதிபுரம் பக்கத்துல கள்ளியங்காடுன்னு ஒரு இடம். இன்னைக்குப் போனா கள்ளியும் இல்லை காடும் இல்லை. வீடு, கடை, பஸ்ஸு. ஆனா கேரளா முழுக்க இந்தப் பேரைச் சொன்னா ஆளுங்க நிமிர்ந்து உட்காருவாங்க. கள்ளியங்காட்டு நீலி! நமக்குப் பழையனூர் நீலி, அவங்களுக்குக் கள்ளியங்காட்டு நீலி. கதை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

நான் இந்தக் கதையைக் கேட்டது இசக்கியம்மன் கோயில் கொடையில, வில்லுப்பாட்டுல. வில்லு, உடுக்கை, குடம், தாளம், கட்டைன்னு உட்கார்ந்தாங்கன்னா ராத்திரி முழுக்கப் போகும். ஊருக்கு ஊரு, பாட்டுக்குப் பாட்டு பேரெல்லாம் மாறும். எலும்புக்கூடு மட்டும் மாறாது. அதைச் சொல்றேன்.

தாசி குலத்துல பிறந்த ஒரு பொண்ணு. கோயில் பூசாரி அவளோட பழகுறான். கையில இருந்த காசெல்லாம் தீர்ந்ததும் வீட்டை விட்டுத் துரத்தப்படுறான். அவ மனசு கேக்காம, நகையெல்லாம் எடுத்துக்கிட்டு அவன் பின்னாலயே போறா. காட்டுல கள்ளிச்செடி பக்கத்துல களைச்சுப் போயி அவன் மடியில தலை வச்சுத் தூங்குறா. அவன் நகையைப் பார்க்கிறான். மெதுவா மடியை உருவிட்டு, அவ தலையில கல்லைப் போடுறான். பார்த்ததுக்கு சாட்சி கள்ளி மட்டும்தான். தங்கச்சியைத் தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுறான். நகையோட போன பூசாரியைப் பாம்பு கடிச்சிருது.

இது முதல் பாதி.

ரெண்டாம் பாதியில அண்ணனும் தங்கச்சியும் சோழ ராஜா வீட்டுல இரட்டைப் பிள்ளைகளாப் பிறக்கறாங்க. ராத்திரியானா தொட்டில்ல இருந்து இறங்கிப் போயி ஆடு மாடு ரத்தம் குடிக்கிற பிள்ளைங்க. விஷயம் தெரிஞ்சு காட்டுல கொண்டு விட்டுடறாங்க. கொன்னவன் செட்டியாப் பிறந்து வியாபாரத்துக்கு வர்றான். பேய் அண்டாம இருக்க இடுப்புல ஒரு மந்திர வாளு. நீலி கள்ளிக் கொப்பை ஒடிச்சுப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "இவர் என் புருசன், என்னையும் பிள்ளையையும் கைவிட்டுட்டுப் போறாரு"ன்னு பழையனூர் சபையில போய் அழறா. எழுபது வேளாளர் உட்கார்ந்து நியாயம் பேசுறாங்க. அந்தப் பிள்ளை செட்டியைப் பார்த்து அப்பாங்குது. அவன் கதறுறான், இவ பேயின்னு. யாரும் நம்பலை. "ராத்திரி ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருங்க, காலையில பேசிக்கலாம்." அதுக்கு நீலி ஒண்ணு சொல்றா: "அவர் கையில வாளு இருக்கு, என்னைக் கொன்னுடுவாரு." சபை வாளை வாங்கி வச்சுக்குது. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எழுபது பேரும் உயிரை விடுறோம்"னு செட்டிக்கு வாக்கு குடுக்குது. விடிஞ்சு பார்த்தா வயிறு கிழிஞ்சு கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில இறங்குறாங்க.

இப்ப யோசிங்க மக்களே. "என்னைக் கொன்னுடுவாரு"ன்னு அவ சொன்னது பொய். சுத்தப் பொய். ஆனா போன பிறவியில அது நூத்துக்கு நூறு உண்மை. உண்மையைச் சொல்ல அவளுக்கு அன்னைக்கு வாயும் இல்லை, சபையும் இல்லை. சபை கிடைச்சப்போ சொல்றதுக்குப் பொய்தான் இருந்துச்சு. அந்தப் பொய்க்கு அவனும் செத்தான், ஒரு பாவமும் அறியாத எழுபது பேரும் செத்தாங்க. வழக்கும் இருக்கு, குத்தமும் இருக்கு, ஒண்ணை ஒண்ணு அழிக்கலை. கீழே உட்கார்ந்து பாட்டைக் கேக்குற பொம்பளைங்க முதல் பாதியில மூக்கைச் சிந்துவாங்க. ரெண்டாம் பாதியில அதே பொம்பளைங்க பிள்ளையை மடியோட இழுத்து அணைச்சுக்குவாங்க. ஹாலிவுட்காரன் எண்பது வருசமா கோடி கோடியாக் கொட்டித் தேடுற சாமான் இது. குடம் அடிச்சே கொண்டு வந்துட்டாங்க.

இந்தக் கதை எனக்கு வெறும் கதையா இல்லாமப் போனதுக்கு ஒரு காரணம் உண்டு. சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். சித்திகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். சித்தி, அதாவது அம்மாவோட தங்கச்சி, எங்க வீட்டுப் படிப்புரையில உட்கார்ந்து அழுதுட்டு இருந்தா. கல்யாணத்துக்குப் போட்ட நகை மொத்தமும் ஒவ்வொண்ணா அடகுக்குப் போயி மூழ்கிப் போச்சு. கேட்டதுக்கு அடி. காதுக்குக் கீழ வீங்கியிருந்தது. குடும்பத்துப் பெரியவங்க நாலஞ்சு பேரு கூடி பேச உட்கார்ந்தாங்க. அதுல ஒருத்தர்தான் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர். "பையனுக்கு நான் பொறுப்பு"ன்னு நிச்சயதார்த்தத்துல எல்லார் முன்னாலயும் சொன்னவர். வெள்ளாளன் சொன்ன சொல் மாற மாட்டான்னு எழுபது பேர் கதையை எங்க போனாலும் எடுத்து விடுறவரும் அவரேதான்.

சித்தி பேச ஆரம்பிச்சா. பாதியிலயே அழுகை வந்துருச்சு. அவர் வெத்தலைச் சாறைத் துப்பிட்டு வந்து சொன்னார்: "எம்மா, இந்த நீலிக் கண்ணீரெல்லாம் இங்க வேண்டாம். குடும்பம்னா நாலும் இருக்கும். ஒழுங்கா வீடு போய்ச் சேரு."

சித்தி அழுகையை நிறுத்திட்டா. பேச்சையும் நிறுத்திட்டா. மறுநாள் காலையில பஸ் ஏத்தி விட்டாங்க. அதுக்கப்புறம் ஆறு வருசம் அந்த வீட்டுல கிடந்தா.

அன்னைக்கு ராத்திரி பாட்டி என்னைப் பக்கத்துல படுக்க வச்சுக்கிட்டு முணுமுணுத்தது இன்னும் காதுல இருக்கு: "பாதிக் கதையைக் கேட்ட பயலுவ. சாப்பிட்டு, வெத்தலை போட்டு, ஆடி அசைஞ்சு கோயிலுக்கு வாறதுக்குள்ள முதப் பாதி முடிஞ்சிரும். அவளுவ ஏன் பேயானான்னு இவனுவளுக்கு என்ன தெரியும்? நீ ஒறங்கு மக்களே."

நீலிக் கண்ணீர்னு அகராதியில தேடுங்க, பொய்யழுகைன்னு இருக்கும். ரெண்டாம் பாதியை மட்டும் கேட்டவன் உண்டாக்குன வார்த்தை அது. ஒரு பொம்பளை அழுதா நம்பாதேன்னு தமிழ்ச் சமுதாயம் ஒரே சொல்லுல எழுதி வச்ச தீர்ப்பு. முதல் பாதியைச் சேர்த்துக் கேட்டிருந்தா அந்தச் சொல்லுக்கு அர்த்தமே தலைகீழ். 'ஒருக்கா நம்பாம விட்ட அழுகை, வட்டியோட திரும்பி வரும்.' அந்தப் பெரியவருக்கும் ஒண்ணு சொல்லணும். எழுபது பேர் பெருமை பேசுறீங்களே, அவங்க பொறுப்புன்னு சொன்னாங்க, பொறுப்பு பொய்யாப் போனப்போ தீயில இறங்கினாங்க. நீங்க அன்னைக்கு எங்க வீட்டுல மீன்கொழம்பு சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினீங்க.

சரி சரி, கோபம் தனியாப் போகுது. சினிமாவுக்கு வர்றேன்.

நீலியை வச்சு வந்த படம், சீரியல்னு நான் பார்த்ததெல்லாம் மலையாளம்தான். "எங்க நீலியை மலையாளத்தான் திருடிட்டான்"னு இங்க சிலபேர் கிளம்பியிருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. 1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரி ஜில்லாவே திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சிதான் சாமிகளா. 1891ல சி.வி.ராமன் பிள்ளை எழுதின 'மார்த்தாண்ட வர்மா' நாவல்லயே நம்ம பக்கத்துப் பஞ்சவன்காடும் அதோட யட்சி கதையும் வந்துருச்சு. 1933ல அதைப் படமா எடுத்த ஆர்.சுந்தர்ராஜ், அகஸ்தீஸ்வரத்துல பிறந்த மலையாள சினிமாத் தந்தை ஜே.சி.டேனியலுக்கு உறவு. நாவலோட உரிமைச் சண்டையில அந்தப் படம் முடங்கிப் போனது தனிக் கதை. நீலிக்கு ரெண்டு மொழி. எல்லைக்கல் நட்டது நாம, அவ இல்லை.

என் சண்டை வேற. அவளை என்ன செஞ்சாங்கங்கறதுதான்.

கேரளத்துல நீலி கதையோட இன்னொரு கதை வந்து ஒட்டிக்கிச்சு. கடமற்றத்துக் கத்தனார். சிரியன் கிறிஸ்தவப் பாதிரியார், மந்திரவாதி. பத்மநாபபுரத்துல இருந்து திருவனந்தபுரம் போற வழியில சுண்ணாம்பு கேட்டு ஆளை மயக்கி ரத்தம் குடிக்கிற யட்சியோட தலையில இரும்பாணி அடிச்சு அடக்கறார். ஆணி இருக்கற வரைக்கும் அவ சாதாரணப் பொம்பளை. வீட்டுல வேலை செய்வா. ஒரு கிழவி பேன் பார்க்கும்போது ஆணியை உருவினதும் பறந்து போயிடுவா. கொட்டாரத்தில் சங்குண்ணியோட 'ஐதீகமாலை'யில இருக்கற கதை. திரைக்கு வரும்போது நீலியும் இந்த யட்சியும் ஒருத்தியே ஆயிட்டாங்க.

1979ல எம்.கிருஷ்ணன் நாயர் 'கள்ளியங்காட்டு நீலி'ன்னே படம் எடுத்தார், ஜெயபாரதி, மது. 2004ல ஏஷியாநெட்ல 'கடமற்றத்து கத்தனார்' சீரியல். பிரகாஷ் பால் கத்தனார், நீலியா நம்ம 'சின்ன கவுண்டர்' சுகன்யா! எங்க பக்கமெல்லாம் அந்த நேரத்துல தெருவுல ஆள் நடமாட்டம் இருக்காது. வெள்ளைப் புடவை, அவிழ்ந்த முடி, பனைமரம், சிரிப்பு. நாங்களும் போர்வைக்குள்ள இருந்து பார்த்தோம். ஆனா யோசிச்சுப் பார்த்தா சீரியலோட பேரே கத்தனார்தானே. கதை ஆணி அடிக்கிறவரோட கதை. இவ அடிவாங்குறதுக்கு வந்தவ. மடியில தலை வச்சுத் தூங்குனவ எங்க? கல்லு எங்க? கள்ளி எங்க? பேய் எப்படி அடங்குச்சுங்கறதுதான் திரையை நிறைக்குது. பேய் எப்படி உண்டாச்சுங்கறது ஓரமாப் போயிருச்சு. சீசர் ரொமேரோ கேஸ்தான், மீசை மட்டும் இல்லை. 2018லயும் 'நீலி'ன்னு மம்தா மோகன்தாஸ் நடிச்சு ஒரு படம் வந்துச்சு, வந்த வேகத்துல போயிருச்சு.

அப்புறம் 2025 ஆகஸ்ட் 28. 'லோகா'.

டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மான் தயாரிப்பு, நீலியா கல்யாணி பிரியதர்ஷன். மலையாளத்துல முதல் பெண் சூப்பர்ஹீரோ. 300 கோடியைத் தாண்டி வசூல். எங்க ஊர்ல மலையாளத்துலயே பார்த்தோம், டப்பிங்கெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை, ஹி ஹி. பெங்களூரு, கறுப்பு உடுப்பு, சிவப்பு வெளிச்சம். அப்படியே காமிக்ஸ் பக்கம் புரட்டுற மாதிரி ஒவ்வொரு ஷாட்டும். நம்ம சாண்டி மாஸ்டர் பொம்பளைங்களைக் கண்டாலே ஆகாத ஒரு போலீஸ்காரரா வந்து மிரட்டிட்டார். விசில் அடிச்சேன், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அதுல நீலியோட பழைய கதை மாறிடுச்சு. காட்டு ஜனங்க, கோயில், ராஜாவோட ஆளுங்க வந்து தாக்குறாங்க. சின்னப் பொண்ணு குகைக்குள்ள ஓடி, வௌவால் கடிச்சு, ரத்தம் குடிக்கிற சாகாவரக்காரி ஆயிடறா. கத்தனார் வர்றார். இந்தத் தடவை ஆணி இல்லை. சக்தியை நல்லதுக்குப் பயன்படுத்துன்னு வழி காட்டறார். அவளும் நூத்தாண்டு நூத்தாண்டா மனுஷனைக் காப்பாத்திட்டு இருக்கா.

எல்லாரும் கொண்டாடினாங்க. வில்லியை ஹீரோயின் ஆக்கிட்டாங்க, முற்போக்கு, புரட்சி... நானும் ஒத்துக்கறேன், ஒரு லாபம் இருக்கு. எங்க அக்கா மக, ஆறாங்கிளாஸ், படம் பார்த்துட்டு வந்து வீடு பூரா "நான்தான் நீலி"ன்னு குதிச்சா. எங்க சின்ன வயசுல நீலிங்கறது வசவு. ஒரு பொண்ணு அதை ஆசையாச் சொல்லிக்கறது சின்ன விஷயம் இல்லை. சாதித் திமிரு பிடிச்ச ராஜாவை எதிர்த்து நிக்கிற பின்கதையும் சும்மா இல்லை. அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கொஞ்சம் உத்துப் பாருங்க. அவகிட்ட இருந்த குத்தம் போயிருச்சு. எழுபது பேர் இல்லை. பொய் இல்லை. கள்ளிப் பிள்ளை இல்லை. அதோட சேர்ந்து அவளோட வழக்கும் போயிருச்சு. நம்பிப் படுத்த மடியில கல்லு விழுந்ததுங்கறது ராஜா படை வந்து அடிச்ச மாதிரி இல்லை. படை வெளியில இருந்து வரும், படையை எதிர்த்து நிக்கலாம். மடி வீட்டுக்குள்ள இருக்கு. படையை எதிர்க்கிற நீலிக்குக் கைதட்டறது சுலபம். மடியில கல்லைப் போட்டவன் மேல பிராது குடுக்க வர்ற நீலியை எந்தச் சபை உட்கார வைக்குது?

அதான் சொல்றேன், கத்தனார் ரெண்டு தடவையும் ஆணிதான் அடிச்சிருக்கார். முதல் ஆணி இரும்பு, வீட்டு வேலை செய்ய வச்சுது. ரெண்டாவது ஆணிக்கு 'நன்மை'ன்னு பேரு, ஊர்க்காவல் வேலை செய்ய வச்சிருக்கு. ரெண்டுலயும் அவ தன் கணக்கைத் தீர்க்கக் கூடாது, அடுத்தவங்களுக்கு உழைக்கணும். பேயாட்டும் தேவதையாட்டும், அவளுக்குன்னு ஒரு கோபம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதுவும் புதுசு இல்லை. பேயை நல்லவளாக்கின முதல் ஆளு டொமினிக் அருண் கிடையாது. ஐஞ்சிறு காப்பியத்துல ஒண்ணான 'நீலகேசி' இதே வேலையை ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே பண்ணிடுச்சு. பழையனூர் நீலி சுடுகாட்டுல முனிச்சந்திரர்ங்கற சமண முனிவரைப் பயமுறுத்த வர்றா. அவர் அசையலை. இவ மனசு மாறி அகிம்சைக்காரி ஆகி, ஊர் ஊராப் போயி பௌத்தர், வேதவாதி, சாங்கியர்னு எல்லாரையும் வாதத்துல ஜெயிக்கிறா. ஒரு பேயை வக்கீல் ஆக்கினதுல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. அவ வாதம் பண்ற ஆள்ல ஒருத்தி யாரு தெரியுமா? குண்டலகேசி! மலை உச்சியில தள்ளிக் கொல்லப் பார்த்த புருசனைத் தானே தள்ளிவிட்ட குண்டலகேசி. ஒருத்தி ஆம்பளை கையால செத்தவ, இன்னொருத்தி சாகாமத் தப்பிச்சவ. இவங்க ரெண்டு பேரும் சந்திச்சா என்ன பேசியிருக்கணும்? நம்மாளு என்ன பேச வச்சார்? தத்துவம். ஆத்மா உண்டா இல்லையா. அடப் போங்கய்யா.

"சரிப்பா, அப்ப நீலி கடைசி வரைக்கும் ரத்தக்காட்டேரியாவே இருக்கணுமா? அதுவா உன் பெண்ணியம்?"னு ஒருத்தர் வாட்ஸப்ல கேட்டார். நியாயமான கேள்வி. பதில் முப்பந்தல்ல இருக்கு.

ஆரல்வாய்மொழி தாண்டி, காத்தாடி சுத்துற இடம், முப்பந்தல் இசக்கியம்மன். லாரிக்காரங்க, வேன்காரங்க நிறுத்திக் கும்பிடாமப் போக மாட்டாங்க. அந்த இசக்கி யாருன்னு எங்க பக்கத்துக் கிழவிங்களைக் கேளுங்க, நீலிதான்ம்பாங்க. இசக்கி சிலையைப் பார்த்திருக்கீங்களா? சில கோயில்ல இடுப்புல ஒரு பிள்ளை, வாயில கடிச்ச மாதிரி ஒரு பிள்ளை. அவகிட்டதான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுறாங்க. கவனிங்க, பிள்ளை வாயில இருக்கறதை யாரும் தட்டி எடுக்கலை. அவளைத் திருத்தி, சாந்தமாக்கி, சைவமாக்கி அப்புறம் கும்பிடலை. உனக்கு நடந்தது அநியாயம், நீ செஞ்சது பயங்கரம், ரெண்டும் எங்களுக்குத் தெரியும், இந்தா பொங்கல்னு வைக்கிறாங்க. வருசா வருசம் முதல் பாதியில இருந்து பாடி அவளுக்கே கேக்க வைக்கிறாங்க. அவ பக்கத்து வழக்கை ஊரே உட்கார்ந்து கேக்குற சபை அது. பழையனூர்ல கிடைக்காத சபை.

திருத்தி ஏத்துக்கறது வேற, திருத்தாம மதிக்கறது வேற. சினிமாக்காரங்களுக்கு முதலாவதுதான் தெரியுது. அங்க ஹாலிவுட்லயும் அப்படித்தான், ஜோக்கருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதிக் குடுத்தாதான் அவனைப் பார்க்கவே துணியறாங்க.

எனக்கு வேண்டிய படம் ரொம்ப சிம்பிள். இடைவேளைக்கு முந்தின ஷாட்டுல கல்லு விழணும். இடைவேளை முடிஞ்சு பழையனூர் சபை. அதே பொண்ணு, இடுப்புல கள்ளிப் பிள்ளை. அவ அழறா. அது பொய்னு தியேட்டர்ல எல்லாருக்கும் தெரியும், உண்மைன்னும் எல்லாருக்கும் தெரியும். எழுபது பேரும் நல்லவங்க. செட்டிக்குப் போன பிறவி ஞாபகமே இல்லை, அவன் பயம் நிஜம். யார் பக்கம் உட்கார்றதுன்னு தெரியாம சீட்டு நுனியில நெளியணும். கிராபிக்ஸே வேண்டாம். ஒரு நல்ல நடிகை, ஒரு குடம் அடிக்கிறவர் போதும்.

போன மாசம் சித்தி வந்திருந்தப்போ வீட்டு டீவியில 'லோகா' போட்டோம். அந்த ஆறு வருசத்துக்கு அப்புறம் தனியா வந்து, தையல் மிஷின் வச்சுப் பிழைச்சு, ரெண்டு பிள்ளைங்களையும் கரையேத்தினவ. அக்கா மக பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு சீனுக்கும் விளக்கம் சொல்லிட்டு இருந்தா. சித்தி முழுப்படமும் பார்த்தா. நல்லாருக்கா சித்தின்னு கேட்டேன்.

"கொள்ளாம் மக்கா. நல்ல சண்டை போடுதா" அப்படின்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா இது வேற பிள்ளை. இவ யாருகிட்டயும் போயி நியாயம் கேக்கவே இல்லியே?"

அக்கா மக கேட்டா, "எதுக்குக் கேக்கணும்? அவகிட்ட பவர் இருக்கே!"

சித்தி அவ தலையைத் தடவி விட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. அடுத்த கொடைக்கு ரெண்டு பேரையும் நேரத்தோட கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். முதல் பாதி தொடங்கறதுக்கு முன்னாடியே.

டிஸ்கி 1: லெட்ஜரா பீனிக்ஸான்னு இதுக்கும் கீழ வந்து சண்டை போடுறவங்களுக்குத் தனியா இலை போடப்படும்.

டிஸ்கி 2: உங்க ஊர்ல நீலி கதை வேற மாதிரி பாடினா பின்னூட்டத்துல சொல்லுங்க. குறிப்பா முதல் பாதி.

டிஸ்கி 3: "இதுல உள்குத்து இருக்கா?"ன்னு கேக்கப் போற சொந்தக்காரங்களுக்கு: உள்குத்து இல்லை. நேர்குத்துதான்.